வளர்த்த அப்பா பேரை இனிஷியலா போடணுமா? என்னென்ன பண்ணணும், எப்ப பண்ணணும்

வடக்க எல்லாம் சர்நேம் மாத்துறேன்னு சொல்வாங்க, நம்ம பக்கம் சர்நேமே கிடையாது, இருக்கிறது இனிஷியல் ஒண்ணு தான். அதனால மதுரையில இந்த வேலைக்கு வர்ற ஆளு கடை வாசல்ல நின்னு கேக்குறது "அண்ணே, இனிஷியல் மாத்த முடியுமா?" அவ்வளவு தான். நான் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வச்சிருக்கேன், இதுக்குன்னு வர்றவங்க நெறைய பேர். அப்பா சின்ன வயசுல போயிருப்பாரு இல்லன்னா விட்டுட்டுப் போயிருப்பாரு, அம்மா ரெண்டாவதா கட்டிக்கிட்ட மனுஷன் ஸ்கூல் ஃபீஸ் கட்டி, சைக்கிள்ல கொண்டு போய் விட்டு, ஆளாக்கி விட்டிருப்பாரு, அவரு பேரை முன்னாடி போடணும்னு ஆசை. நல்ல ஆசை தான். ஆனா எழுத்தை மட்டும் மாத்துனா போதுமா, இல்ல சட்டப்படி அவரு பிள்ளையாவே ஆகணுமான்னு முதல்ல முடிவு பண்ணுங்க, ரெண்டுக்கும் வழி வேற வேற.

எழுத்து மட்டும் போதும்னா கெசட், அதாவது அரசிதழ்ல பேர் மாத்துற விளம்பரம் போடுறது. 18 வயசு முடிஞ்சிருச்சுன்னா யாரோட சம்மதமும் வேணாம், நீங்களே போடலாம். சென்னையில இருக்கிற எழுதுபொருள் அச்சுத் துறை தான் இதைப் பாக்குது, ஃபாரத்தை அவங்க வெப்சைட்டுலயே எடுத்துக்கலாம், போட்டோவுல கையெழுத்துல எல்லாம் சான்றொப்பம் வேணும், யார் யார் போடலாம்னு அதுலயே எழுதியிருக்கும், பச்சை மை ஆபீசர் யாரும் தெரியாதுன்னா நோட்டரிகிட்ட போங்க. எங்கயாச்சும் அபிடவிட் கேட்டா ஒரு விஷயம், முன்ன 20 ரூபாய் பத்திரத்துல எழுதுனது இப்ப 200 ரூபாய் பத்திரம், பழைய ஞாபகத்துல போயி நின்னுறாதீங்க.

ஃபாரத்துல காரணம்னு ஒரு கட்டம் வரும். அங்க வந்த உடனே நம்மாளுங்க கை நின்னுரும். உசிலம்பட்டி பக்கத்துப் பையன் ஒருத்தன், பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து, "என்னண்ணே எழுத, அம்மா கதை பூரா எழுதணுமா"ன்னு கேட்டான். ஒண்ணும் எழுத வேணாம் தம்பி, "என்னை வளர்த்த தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ள விரும்புகிறேன்" அப்படின்னு ஒரு வரி, முடிஞ்சது. எண் கணிதம்னு எழுதி ஆயிரம் பேரு மாத்துறாங்க, இதுக்கு என்ன கூச்சம்.

அச்சாகி வர்றது ஒரு சின்னப் பத்தி தான். நான் இன்னாரு, பெத்தவரு பேரு இது, பொறந்த தேதி இது, சொந்த மாவட்டம் மதுரை, இன்ன விலாசத்துல இருக்கேன், இனிமே இந்தப் பேர்ல அழைக்கப்படுவேன், அவ்வளவு. அந்தப் பகுதி ஆரம்பத்துலயே இந்தப் பேர் மாத்த விளம்பரத்துக்கு அரசு சட்டப்பூர்வமா பொறுப்பு ஏத்துக்காதுன்னும் போட்டிருப்பாங்க, பாத்து பயந்துறாதீங்க, எல்லாருக்கும் அதே வரி தான். கைக்கு வந்த உடனே ஸ்பெல்லிங்கை எழுத்து எழுத்தா பாருங்க, தப்பிருந்தா அன்னைக்கே எழுதிப் போடுங்க. ஒரிஜினலை லேமினேட் பண்ணாதீங்க, நாலஞ்சு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க.

இன்னொன்னு, பெத்த அப்பா எழுத்தை எடுக்கணும்னு கட்டாயமா என்ன? ரெண்டு இனிஷியல் வச்சுக்கலாமே. தாத்தா பேரு, ஊர் பேரு சேத்து ரெண்டு எழுத்து போடுறது நம்ம பக்கம் புதுசா என்ன. செல்லையாவுக்குப் பொறந்து முத்துவேல் வளர்த்த பிள்ளைன்னா செ.மு.ன்னு போட்டா அப்பத்தா வீட்டுலயும் மனசு நோகாது, வளர்த்தவருக்கும் மரியாதை. இதுக்கும் கெசட் வேணும், ஆனா வீட்டுல சண்டை பாதியா குறையும், என்னையக் கேட்டா அப்பா செத்துப் போயிருந்தா இது தான் நல்ல வழி. விட்டுட்டு ஓடுன ஆளுன்னா அது உங்க இஷ்டம். சின்னம்மா வளர்த்த பிள்ளைங்களும் இதே மாதிரி அவங்க பேரோட எழுத்தைப் போட்டுக்கலாம், வழிமுறை ஒண்ணு தான்.

எப்ப மாத்தலாம்? பத்தாவது பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி. ஸ்கூல் ரெக்கார்டுல மாறிருச்சுன்னா மார்க் ஷீட்டு, காலேஜு, வேலைன்னு அதுக்கப்புறம் எல்லாமே அந்தப் பேர்லயே வந்துரும், அதனால ஒன்பதாவது படிக்கிறப்பவே ஹெட்மாஸ்டரைப் போய் பாத்துருங்க. பத்தாவது மார்க் ஷீட்டு வந்துருச்சுன்னா அதுல பழைய பேரே தான் கெடக்கும்னு வச்சுக்கங்க, சர்டிபிகேட் வெரிபிகேஷனுக்குப் போறப்ப எல்லாம் கெசட்டையும் சேத்து நீட்டணும், கஷ்டம் ஒண்ணுமில்ல, ஃபைல்ல ஒரு பேப்பர் கூட. வேலைக்கு அப்ளை பண்ணிட்டு நடுவுல மட்டும் மாத்தாதீங்க, அப்ளிகேஷன்ல ஒரு பேரு கையில ஒரு பேருன்னு நிக்கணும்.

மைனர் பிள்ளைக்கு அம்மா தான் எழுதிக் கொடுக்கணும். அப்பா உயிரோட இருந்து டைவர்ஸ் ஆன கேஸுன்னா அவரு எதிர்ப்பு சொல்ல வாய்ப்பிருக்கு, கோர்ட் உத்தரவுல பிள்ளை யார் பொறுப்புன்னு என்ன எழுதியிருக்குன்னு வக்கீல்கிட்ட காட்டிட்டு செய்ங்க, இல்லன்னா 18 ஆகட்டும்னு விடுங்க. அப்பா இறந்து போன கேஸுல அம்மாவுக்கு முழு உரிமை இருக்கு, இதை 2022 ஜூலை மாசம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அகெல்லா லலிதா கேஸு, ஆந்திராக்காரங்க. புருஷன் செத்து அந்தம்மா மறுகல்யாணம் பண்ணிக்குச்சு, பிள்ளைக்குப் பழைய குடும்பப் பேரையே வைக்கணும்னு ஹைகோர்ட் சொன்னதும் இல்லாம, இப்ப இருக்கிற புருஷனை ரெக்கார்டுல மாற்றாந்தந்தைன்னு காட்டணும்னும் சொல்லிருச்சு. அப்படி எழுதச் சொல்றது கிட்டத்தட்ட கொடுமை, பிள்ளை மனசை யோசிக்காத வேலைன்னு சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளிருச்சு. அப்பத்தா தாத்தா வீட்டுல யாராச்சும் கேஸ் போடுவேன்னு மிரட்டுனா இந்தத் தீர்ப்பை எடுத்து கையில கொடுங்க.

இப்ப ரொம்ப முக்கியமானதுக்கு வர்றேன், வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியல. இனிஷியல் மாறுனதால நீங்க அவரு வாரிசு ஆயிட மாட்டீங்க. இந்து வாரிசுரிமைச் சட்டத்துல ஒரு ஆம்பள உயில் எழுதாம செத்தா அவரு மகன், மகள்னு வர்ற கணக்குல பொண்டாட்டியோட முதல் தாரத்துப் பிள்ளை வராது, ஆதார்ல அவரு பேரு இருந்தாலும் சரி, கொள்ளி வச்சது நீங்களா இருந்தாலும் சரி. தாலுகா ஆபீஸ்ல வாரிசு சான்றிதழுக்கு நிக்கும்போது தான் இது தெரியவரும், அப்ப தெரிஞ்சு என்ன பண்ண. அதே மாதிரி இனிஷியல் மட்டும் மாத்துனா பெத்த அப்பா வழி சொத்துல உங்க பங்கும் எங்கயும் போகாது, சாதி சான்றிதழும் மாறாது.

அதனால வளர்த்தவருக்கு உங்களுக்குக் கொடுக்கணும்னு மனசு இருந்தா உயில் எழுதச் சொல்லுங்க. ரெண்டு சாட்சி கையெழுத்து போதும், ரிஜிஸ்டர் கட்டாயமில்ல, ஆனா பண்ணி வச்சா பின்னாடி பங்காளிங்க வாயைத் திறக்க யோசிப்பாங்க. கேக்குறது சங்கடம் தான், அம்மாவை விட்டுக் கேக்கச் சொல்லுங்க.

சட்டப்படியே பிள்ளையா ஆகணும்னா தத்து. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956, அதுல பொதுவா 15 வயசுக்குள்ள இருக்கணும், பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிக்கிறது நல்லது. எந்த மதமா இருந்தாலும் சிறார் நீதிச் சட்டம் வழியா 18 வயசுக்குள்ள பண்ற வழியும் இருக்கு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல போய் கேளுங்க, 2022 செப்டம்பர்ல இருந்து இதுக்கு உத்தரவு போடுறது கோர்ட் இல்ல, கலெக்டர். பெத்த அப்பா உயிரோட இருந்தா அவரு சம்மதம் வேணும். தத்து போயிட்டா பெத்த அப்பா குடும்பத்துல இனிமே வர்ற பங்கு கிடையாது, ஏற்கனவே உங்க பேருக்கு வந்துட்ட சொத்து மட்டும் உங்களோடயே இருக்கும். நிலம் நீச்சு இருக்கிற குடும்பம்னா இதை நல்லா யோசிங்க.

கெசட் வந்தாச்சு, அடுத்து ஆதார். பேரை வாழ்நாள்ல ரெண்டு தடவை தான் மாத்த விடுவாங்க, எழுத்துப் பிழை திருத்துனதும் அந்தக் கணக்குல சேரும், அதனால ஸ்கிரீன்ல காட்டுறப்ப அவசரப்பட்டு ஓகே சொல்லாதீங்க. அப்புறம் பான், அதுல ஒத்தை எழுத்தா இனிஷியல் போட முடியாது, முழுப் பேரா விரிச்சு எழுதணும், அந்த இடத்துல வளர்த்த அப்பா பேரு முழுசா வரும். அதுக்கப்புறம் பேங்க், வாக்காளர் அட்டைக்கு படிவம் 8, லைசென்ஸ், கடைசியா ரேஸ்கோர்ஸ் ரோடு பாஸ்போர்ட் ஆபீஸ். வரிசையை மாத்துனா ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம நிக்கும், ஆதாரும் பானும் ஒரே ஸ்பெல்லிங்ல இருந்தா மத்ததெல்லாம் தானா நடக்கும்.

பேப்பர் வேலைய விட ஊர் வேலை தான் பெருசு. கல்யாணத்துக்கு முன்னாடி மாத்துறவங்க பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன்னாடியே பெத்த அப்பா வழி பெரியவங்க வீட்டுல போய் சொல்லிருங்க, பத்திரிகையைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா கல்யாணத்துக்கு வர மாட்டாங்க. இறந்து போன அப்பா பேரை "தெய்வத்திரு"ன்னு போட்டு, பக்கத்துலயே வளர்த்தவரு பேரையும் போடுறது இப்ப நெறைய நடக்குது, பாக்கவும் நல்லா இருக்கு. குலதெய்வம் எதுன்னு கேப்பாங்க, சிவராத்திரிக்கு எந்தக் கோயிலுக்குப் போவ, எந்தப் பங்காளியோட வரி கொடுப்பன்னு. கெசட்டுல அதுக்கெல்லாம் கட்டம் கிடையாது, நீங்க ரெண்டு கோயிலுக்கும் போனா எந்தச் சாமியும் கோவிச்சுக்காது, வரி விஷயம் மட்டும் அந்தந்தப் பெரியவங்ககிட்ட முன்னாடியே பேசிக்கங்க. காதுகுத்துக்கு தாய்மாமன் சீர்ல எந்த மாத்தமும் இல்ல, அது அம்மா வழி.

மொய் நோட்டையும் மறந்துறாதீங்க. நம்ம பக்கம் ஊர் பேரு, இனிஷியல், பேருன்னு தான் எழுதுவாங்க, உங்களுக்கு வர வேண்டிய மொய்யும் நீங்க செய்ய வேண்டிய மொய்யும் பழைய எழுத்துல தான் எல்லார் வீட்டு நோட்டுலயும் கெடக்கு. மொய் எழுதுற இடத்துல உக்காந்திருக்கிறவரு கேட்டா, கொஞ்ச வருஷத்துக்குப் புது இனிஷியலைச் சொல்லி, முன்ன இன்ன இனிஷியல்னு பக்கத்துலயே எழுதிக்கச் சொல்லுங்க.