எக்ஸ்பாண்டர் பேச்சையும் சேர்த்து விழுங்கும்போது

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ வீட்டு அறைக்குள் மைக் வைத்துப் பதிவு செய்பவருக்குச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. கடல் இரைச்சல், தலைக்கு மேல் ஃபேன், ஒழுங்கையில் ஓட்டோ, மதிலில் காகம். கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே இருக்கவும் ஏலாது. யூடியூப்புக்குப் பேசுபவர், அம்மம்மாவின் பழங்கதையைப் பதிந்துவைப்பவர், தேவாரம் பாடிப் போடுபவர் என்று எல்லோரும் ஒருநாள், மெல்லிய சத்தத்தை இன்னும் மெல்லியதாக்கும் எக்ஸ்பாண்டரிடம் வந்துசேர்வது இதனால்தான். நல்ல கருவிதான். ஆனால் திருகோணமலையிலிருந்து வரும் பதிவுகளைக் கேட்கும்போது, இரைச்சலை விட எக்ஸ்பாண்டர்தான் அதிகம் காதை உறுத்துகிறது.

வேலை செய்யும் விதம் எளிது. த்ரெஷோல்ட் என்ற எல்லைக்குக் கீழே விழும் ஒலியை அது இன்னும் கீழே தள்ளும். த்ரெஷோல்ட் -40 டெசிபல் (0 தான் உச்சம், அதற்குக் கீழே போகப் போகச் சத்தம் குறைவு), ரேஷியோ 2:1 (எல்லைக்குக் கீழே உள்ள தூரம் இரண்டு மடங்காகும்) என்றால், -50இல் இருக்கும் ஃபேன் சத்தம் -60க்குப் போகும். 4:1 வைத்தால் அதே சத்தம் -80க்கு விழும். நொய்ஸ் கேட் இன்னும் கடுமையானது, கதவைச் சாத்துவது போல அடைத்துவிடும்.

பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது: இடைவெளியில் ஒரு பொட்டுச் சத்தமும் இருக்கக்கூடாது என்று நினைப்பது. பேசும்போது குரலோடு ஃபேனும் கேட்கிறது. பேச்சு நின்றதும் எல்லாம் செத்துப்போகிறது. அடுத்த சொல்லோடு ஃபேன் திரும்பவும் எழும்புகிறது. ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் காது கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், வந்து வந்து போகும் சத்தத்தைப் பழகாது. ஆகக் கூடியது எவ்வளவு குறைக்கலாம் என்று கட்டுப்படுத்தும் ரேஞ்ச் என்று ஒரு குமிழ் இருந்தால் அதை 6 முதல் 12 டெசிபலுக்குள் வையுங்கள். ரேஷியோ 2:1 போதும். இரைச்சல் பின்னுக்குப் போனால் சரி, அது காணாமற்போக வேண்டியதில்லை.

அடுத்தது த்ரெஷோல்டை உயர்த்தி வைப்பது. தமிழுக்கு இது மிகக் கெடுதி. எங்கள் வாக்கியங்கள் வினையில் முடிகின்றன, குரலும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது. போதாததற்குக் கடைசியில் குற்றியலுகரம் வேறு. ‘கோட்டைக்குள்ள மான் நிக்குது’ என்று ஒரு முதியவர் சொல்கிறார் என்று வையுங்கள். ‘கோட்டை’ பலமாக வரும், ‘நிக்கு’ தணியும், ‘து’ மூச்சோடு கரையும். த்ரெஷோல்ட் கூடினால் அந்தத் ‘து’வைக் காணமாட்டீர்கள். நிற்கிறதா, நின்றதா, நிற்குமா என்று கேட்பவர் ஊகிக்க வேண்டியதுதான். அதனால் பலமான சொல்லைப் பார்த்து அளவு வைக்காதீர்கள். பதிவிலேயே மிக மெல்லிய வாக்கிய முடிவைத் தேடிப் பிடித்து மீற்றரைப் பாருங்கள். அது -38 ஆகவும், வெறும் அறைச் சத்தம் -52 ஆகவும் இருந்தால், த்ரெஷோல்டுக்கு -43 அளவு பொருந்தும். 2:1இல் அறைச் சத்தம் 9 டெசிபல் குறைந்து -61க்கு இறங்கும், ‘து’ தப்பிவிடும்.

கடற்கரை வீடுகளில் இன்னொரு சங்கடம். ஃபேன் ஒரே அளவில் ஓடும், அலை அப்படியல்ல. அலை இழுத்துக்கொள்ளும் நேரத்தில் அறைச் சத்தத்தை அளந்தால், அடுத்த அலை உடையும்போது எக்ஸ்பாண்டர் திறந்து, அந்தச் சத்தத்தைக் குறைக்காமல் விட்டுவிடும். உடையும் அலையின் உச்சத்தை அளவாக எடுங்கள். அந்த உச்சமே மெல்லிய சொல்லை எட்டினால், எக்ஸ்பாண்டரால் ஆகப்போவது எதுவுமில்லை. ஜன்னலைச் சாத்துங்கள், மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், அறைச் சத்தம் அப்படியே இருக்கும். எந்தக் குமிழும் இவ்வளவு நல்ல பலன் தராது.

பேச்சுக்கு அடியில் கிடக்கும் சத்தத்தையும் இது துடைக்கும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. துடைக்காது. குரல் த்ரெஷோல்டுக்கு மேலே இருக்கும் வரை எல்லாமே சேர்ந்துதான் வெளியே வரும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அதன் உறுமல் 50, 100, 150 என்று அடுக்கடுக்காக விழும். அதை முதலில், வேண்டிய அலைவரிசையை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் வெட்டுங்கள்.

உரத்த சத்தத்தை அமுக்கும் கொம்பிரஸருக்குப் பின்னால் எக்ஸ்பாண்டரைப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. கொம்பிரஸர் உச்சங்களை 6 டெசிபல் அமுக்கி, மொத்தத்தையும் 6 டெசிபல் தூக்கினால், -52இல் இருந்த ஃபேன் -46க்கு வந்துவிடும். உரத்த குரலுக்கும் ஃபேனுக்கும் இருந்த தூரம் சுருங்கிவிடும். எக்ஸ்பாண்டர் முன்னால், கொம்பிரஸர் பின்னால்.

நேர அளவுகளில் ரிலீஸைத்தான், அதாவது சொல் முடிந்தபின் எக்ஸ்பாண்டர் மூட எடுக்கும் நேரத்தைத்தான், கூடுதலாகக் கெடுக்கிறார்கள். மிகக் குறுக்கினால் சொல்லுக்குச் சொல் படபடக்கும். பேச்சுக்கு 150 முதல் 250 மில்லிசெக்கனுக்குள் தொடங்கிப் பாருங்கள். அட்டாக், அதாவது திறக்க எடுக்கும் நேரம், நீண்டால் சொல்லின் முதலில் வரும் ‘க’வும் ‘ப’வும் மழுங்கும். லொறி உறுமலுக்கும் எக்ஸ்பாண்டர் திறந்தால், எப்போது திறப்பது என்று கருவி கேட்டு முடிவெடுக்கும் சைட்செயினில் 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அந்த வெட்டு கருவியின் காதுக்கு மட்டும்தான், குரலின் நிறம் மாறாது.

பாட்டுக்கு வந்தால் நான் இன்னும் கண்டிப்பு. சுருதிப் பெட்டியோடு ஒரே மைக்கில் பாடிய தேவாரத்துக்கு எக்ஸ்பாண்டர் வேண்டவே வேண்டாம். பாடகர் மூச்செடுக்கும் ஒவ்வொரு தடவையும் சுருதி அமுங்கி எழும்பும். மிருதங்கத்தின் கார்வையும் நறுக்கென்று அறுபடும்.

முதியவர்களின் கதையைப் பதியும்போது எக்ஸ்பாண்டரைப் பதிவின் வழியிலேயே போடாதீர்கள். அது தின்ற சொல் திரும்பி வராது. பச்சைப் பதிவை அப்படியே வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள், பிரதியில் மட்டும் கை வையுங்கள். செய்து முடித்ததும் ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி, வாக்கிய முடிவுகளை மட்டும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். எங்கேனும் ஒரு ‘து’ குறைந்தால் த்ரெஷோல்டை 2 டெசிபல் இறக்கி, திரும்பவும் கேளுங்கள்.