வீட்டிலிருந்து ரப்பர் ஷெட்டுக்குக் கரண்ட் இழுக்கப் போகிறீர்களா?

குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் நிற்கிற யாருக்கும் இது தெரிந்த காட்சி. அடுக்களை ஜன்னல் வழியாக ஒரு வயர் வெளியே வரும், பலா மரத்தில் அடித்த ஆணியில் ஒரு சுற்று சுற்றும், அப்படியே தொங்கிக்கொண்டு ஷீட் அடிக்கிற ஷெட்டுக்குள் போகும். எங்கள் வீட்டிலும் பல வருஷம் அப்படித்தான் இருந்தது. ஒரு ஆடி மாத மழையில் அம்மா பால் உறைய வைக்கிற டிஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, ஷீட்டைத் தட்டையாக்குகிற மோட்டார் ரோலரைத் தொட்டதும் கை சுளீரென்று இழுத்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் அத்தோடு போயிற்று. பிரித்துப் பார்த்தால் மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்கு மூடி இல்லை, உள்ளே தண்ணீர். வந்த வயரிலோ இரண்டே கோர் (உள்கம்பி), எர்த் என்று ஒன்று ஷெட்டுக்கு வரவே இல்லை.

அன்று எம்சிபி, அதாவது மெயின் பெட்டியில் தானாக விழுகிற அந்த சுவிட்ச், விழவில்லை. ஏன் விழவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மீதி வேலையெல்லாம் தானாகப் புரியும். எம்சிபி பார்ப்பது ஓவர்லோடையும் ஷார்ட்டையும்தான். எர்த் குழி இருக்கிறது என்றே வையுங்கள், அதன் தடை 20 ஓம் என்றால் 230 வோல்ட்டில் மண்ணுக்குப் போகிற கரண்ட் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு சுமையே இல்லை. ரோலரின் உடம்பு முழுக்கக் கரண்ட் இருக்கும், எம்சிபி பேசாமல் நிற்கும். ஆனால் மனுஷனைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது அவ்வளவு கரண்ட் மண்ணுக்குக் கசிந்தாலே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச். ஈரத் தரை, வெறுங்கால், இரும்பு ரோலர் மூன்றும் சேர்கிற இடத்தில் அது இல்லாமல் ஒரு பல்புகூடப் போடாதீர்கள்.

இந்த ஆர்சிசிபியை ஷெட்டில் வைப்பதா, வீட்டில் வைப்பதா என்று கேட்பார்கள். வீட்டு முனையில்தான், ஷெட்டுக்கென்று தனியாக ஒன்று. அப்போதுதான் இடையில் மண்ணுக்குள் கிடக்கிற கேபிளுக்கும் பாதுகாப்பு. ஆர்சிசிபி விழுந்தால் மழையில் வீடு வரை நடக்க வேண்டும், உண்மைதான், நடக்கலாம். வீட்டுக்கு ஏற்கெனவே ஆர்சிசிபி இருந்தால் ஷெட் லைனை அதற்கு முன்னாலிருந்தே பிரித்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஷெட்டில் கசிந்தால் வீட்டு ஃபிரிட்ஜும் சேர்ந்து நிற்கும். முக்கியமாக, ஷெட்டின் நியூட்ரல் தன்னுடைய ஆர்சிசிபி வழியாகவே திரும்ப வேண்டும். வீட்டு நியூட்ரல் லிங்க்கில் கொண்டுபோய்ச் சேர்த்தால், ஷெட்டில் லைட் போட்ட உடனே ஆர்சிசிபி விழுந்துவிடும். அப்புறம் "இது சும்மா சும்மா விழுது" என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள், அங்கேதான் ஆபத்து.

சரி, கேபிள். எங்கள் ஷெட் 40 மீட்டர், மோட்டார் 1 எச்பி. ஓடும்போது ஐந்து, ஆறு ஆம்பியர்தான், ஆனால் ஸ்டார்ட் ஆகிற நொடியில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் போட்டால் அந்த நொடியில் வயரிலேயே சுமார் 30 வோல்ட் போய்விடும். சாயங்காலம் ஏற்கெனவே 190 வோல்ட் வருகிற வீடு என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது 160. உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது, உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் புகையும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 11 வோல்ட் அளவில் நின்றுவிடும். ஆகவே 4 ஸ்கொயர் எம்எம், மூன்று கோர், ஆர்மர்டு (இரும்புக் கம்பிக் கவசம் உள்ள) காப்பர் கேபிள். இரண்டு கோர் வாங்கிவிட்டு எர்த்துக்கு வேறு கம்பி தேடாதீர்கள்.

மேலே கட்டிக் கொண்டுபோவதைவிட மண்ணில் புதைப்பதைத்தான் நான் சொல்வேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது நம் மாவட்டத்தில் ரப்பரும் தென்னையும் கம்பத்தோடு சேர்ந்து எப்படி விழுந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். புயல்கூட வேண்டாம், ஒரு தென்னை மட்டை போதும். இரண்டரை அடி ஆழம் வெட்டுங்கள். அடியில் நாலு விரல் மணல், மேலே கேபிள், மறுபடி மணல், அதன்மேல் செங்கல் அல்லது பழைய ஓடு வரிசையாக, பிறகு மண். மண் மூடி வரும்போது, தரைமட்டத்துக்கு ஒரு அடி கீழே மஞ்சள் எச்சரிக்கை டேப்பை விரித்துவிடுங்கள். தென்னைக்குத் தடம் எடுக்கிற (சுற்றிலும் மண்ணை வெட்டிப் பாத்தி போடுகிற) வட்டம் மரத்திலிருந்து ஆறு அடி வரை வரும், அதற்கு வெளியே சுற்றிக் கொண்டுபோங்கள். நடுவில் ஜாயின்ட் கூடாது, ஒரே நீளமாக வாங்குங்கள். வெறும் பிவிசி பைப்புக்குள் சாதா வயரைப் போடுவது வேண்டாம், பெருச்சாளி கடிக்கும், கரையான் ஏறும்.

கேபிள் இரண்டு முனையிலும் கிளாண்ட் (கேபிளைப் பெட்டியோடு இறுக்குகிற பிடி) போட்டு, ஆர்மரையும் எர்த்தில் சேர்க்க வேண்டும். ஷெட்டில் ஒரு டபுள் போல் ஐசொலேட்டர் (இரண்டு கம்பியையும் சேர்த்து அணைக்கிற சுவிட்ச்), மோட்டாருக்கு 16 ஆம்பியர் சி டைப் எம்சிபி (ஸ்டார்ட் ஆகிற நொடியின் இழுப்பைத் தாங்குகிற வகை), லைட்டுக்கு 6 ஆம்பியர் எம்சிபி, எல்லாம் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள். கேபிள் பெட்டியின் அடிப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும், மேலிருந்து நுழைந்தால் தண்ணீரும் கூடவே வரும். பால் உறைய வைக்கிற பார்மிக் ஆசிட் வைக்கிற மூலையிலிருந்து பெட்டி தள்ளியே இருக்கட்டும், அந்த ஆவி பித்தளை டெர்மினலைத் தின்றுவிடும். ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற புகைப்புரைக்குள் சுவிட்சும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம்.

ஷெட் பக்கத்திலும் ஒரு எர்த் குழி எடுங்கள். இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், கரியும் உப்பும் மாற்றி மாற்றி. நம் செம்மண் மேட்டில் பங்குனி, சித்திரையில் அது காய்ந்துவிடும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் ஷெட்டில் எங்கேயும் இணைக்கக் கூடாது. "இரண்டும் ஒன்றுதானே" என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

குழி வெட்டுவது, மணல் போடுவது நீங்கள் செய்யலாம். இணைப்பு கொடுப்பதை லைசன்ஸ் உள்ள வயர்மேன் செய்யட்டும். கரண்ட் கொடுக்கும் முன் மெக்கர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 500 வோல்ட்டில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கேபிளிலோ முனையிலோ கோளாறு இருக்கிறது. வீட்டு சர்வீஸில் ரோலர் மோட்டார் ஓட்டலாமா என்பதை வேலை தொடங்கும் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வேறு உபயோகத்துக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டம் 126வது பிரிவில் அபராதக் கணக்குப் போடுவார்கள்.

குழியை மூடும் முன் போனில் படம் எடுத்து, வீட்டு மூலையிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் எத்தனை அடி என்று அளந்து, பெயின்டால் ஷெட் சுவரிலேயே எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த வருஷம் தடம் எடுக்க மண்வெட்டியோடு வருகிறவருக்கு அந்தச் சுவரைக் காட்டிவிட்டுத்தான் வேலையைச் சொல்ல வேண்டும்.