மனச்சோர்வோடு சைக்கோசிஸ்: மருந்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனச்சோர்வோடு சைக்கோசிஸும் (நடக்காததை உறுதியாக நம்புவது, இல்லாத குரல் கேட்பது) சேர்ந்திருப்பவருக்கு மருந்து எழுதுவதில், மனநலப் பிரிவுக்குப் புதிதாக வரும் டாக்டர்கள் வருஷா வருஷம் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். நாங்களும் விழுந்த இடங்கள்தான் அவை. பாடப்புத்தகத்தைப் புரட்டினாலே தெரியும் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

கேட்காமல் விடுவது

“பெரிய பாவம் செய்துவிட்டேன்” என்பது போன்ற பொய்யான நம்பிக்கையை நோயாளி தானாகச் சொல்லமாட்டார். கேளுங்கள்.

ஒரே மருந்தோடு நிற்பது

எது முக்கியம், எது ஆபத்து என்று மூளை குறித்துவைப்பதில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. ஆன்டிசைக்கோட்டிக் (சைக்கோசிஸுக்கான) மருந்து, டோபமைன் வந்து ஒட்டும் டி2 ஏற்பிகளை அடைத்து, எல்லாவற்றையும் முக்கியம், ஆபத்து என்று குறிக்கும் அந்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அடைப்பு சில மணி நேரத்தில் நடந்துவிடும். ஆனால் நோயாளியின் பொய்யான நம்பிக்கை தளர வாரங்கள் ஆகும். ஆன்டிசைக்கோட்டிக்கை மட்டும் கொடுத்தாலும் போதாது. 2009-இல் வெளியான ஆய்வில் இந்த நோயுள்ள 259 பேருக்கு 12 வாரம் சிகிச்சை தரப்பட்டது. ஓலன்சபைன் என்ற ஆன்டிசைக்கோட்டிக்கோடு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தும் பெற்றவர்களில் சுமார் 42% பேர் தேறினார்கள். ஓலன்சபைன் மட்டும் பெற்றவர்களில் 24%.

இரவில் க்வெட்டியாபின் 50 மி.கி.

இதுவும் ஆன்டிசைக்கோட்டிக்தான், ஆனால் இந்தக் குறைந்த அளவில் தூக்கம் வரும். சைக்கோசிஸ் போகாது.

தேறியதும் நிறுத்திவிடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஓய்வுபெற்ற ஒருவர், பணமெல்லாம் போய்விட்டது என்று நம்பினார். மகள் பாஸ்புக்கைக் காட்டியபோது, இருப்புத் தொகை மேல் விரலை வைத்து, “பேங்க்ல மாத்தி அச்சடிச்சிருக்காங்க” என்றார். இரண்டு மருந்தும் சேர்ந்து வேலை செய்தபின் தானே கடைக்குப் போய் காய்கறி வாங்கிவந்தார். வயிறு போட்டுவிட்டது என்று, வேறோர் இடத்தில் ஓர் இளம் டாக்டர் ஓலன்சபைனை மருந்துச்சீட்டிலிருந்து அடித்துவிட்டார். என்ன அறிகுறி வந்தால் திரும்ப வரவேண்டும் என்று வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில மாதத்தில், சோற்றுக்குக் காசில்லை என்று தட்டைத் தள்ளிவைத்த நிலையில் அவரை அழைத்துவந்தார்கள்.

2019-இல் வந்த ஆய்வு இதைத்தான் சோதித்தது. இரண்டு மருந்திலும் தேறி நிலைத்த 126 பேரில், ஓலன்சபைனைத் தொடர்ந்தவர்களில் சுமார் 20% பேருக்கு 36 வாரத்துக்குள் நோய் திரும்பியது. அதை நிறுத்தி செர்ட்ராலினில் மட்டும் இருந்தவர்களில் 55%. தொடர்ந்தவர்களுக்கு எடை கூடியதும் உண்மை. அதனால் முதல் நாளே எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு பார்த்துக் குறித்துவையுங்கள். எடை ஏறினால் உணவைப் பற்றிப் பேசுங்கள். மருந்தை மாற்ற வழி இருக்கிறதா பாருங்கள். குறைத்தே ஆகவேண்டும் என்றால் மெதுவாகக் குறைத்து, வீட்டாரையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

இ.சி.டி.யை (மயக்கம் கொடுத்துத் தரும் மின்அதிர்வு சிகிச்சை) கடைசிக்குத் தள்ளுவது

சாப்பாடு தண்ணீர் இல்லாமல் படுத்திருப்பவருக்கு, சாவைப் பற்றியே பேசுபவருக்கு, மாத்திரை வேலை செய்யும்வரை காத்திருக்க நேரமில்லை. இ.சி.டி. பற்றி முதல் வாரமே பேசுங்கள்.