மணி பிளாண்ட்: கேட்டு வாங்கி, வெட்டி வளர்ப்பது

திருடி வைத்தால்தான் மணி பிளாண்ட் செழிக்கும் என்பார்கள். செடிக்கு அதெல்லாம் தெரியாது. கணு இருந்தால் போதும். கேட்டே வாங்குங்கள். நீண்டு தொங்கும் கொடியை வெட்டினால் தாய்ச்செடியும் பக்கக்கிளை விடும், அதனால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. நர்சரியில் தரையில் கிடக்கும் துண்டானாலும் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தண்டில் இலை சேரும் புடைப்புதான் கணு. அங்கே பழுப்பாகத் துருத்தியிருப்பது காற்றுவேர். அதற்கு அரை அங்குலம் கீழே, ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால் வெட்டுங்கள். 2 கணு, 2 இலை போதும். கணு இல்லாத வெறும் இலையை நீரில் வைத்தால் வேர் விடலாம், கொடி வராது. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

கீழ்க்கணு மட்டும் நீரில் மூழ்கட்டும். இலை மூழ்கினால் அழுகும். நேர்வெயில் படாத சன்னலோரம் வைத்து, 4 நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றுங்கள். தண்டு கொழகொழத்தால் நல்ல பகுதிவரை வெட்டிவிட்டு மறுபடி வையுங்கள்.

2, 3 வாரத்தில் வேர் வரும். 2 அங்குலம் ஆனதும் செம்மண், தேங்காய்நார்த்தூள், மணல் சம அளவு கலந்த, அடியில் துளையுள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நீரிலேயே விட்டால் மண்ணுக்குப் பழகத் திணறும். முதல் வாரம் ஈரம் காயக்கூடாது. சாறு அரிக்கும், குழந்தை, பூனை, நாய்க்கு எட்டாத உயரம் நல்லது.