மாப்பிள்ளை வீட்டுலயே போய் மாப்பிள்ளைய பத்தி விசாரிக்காதீங்க: போலி ஜர்னல்ல மாட்டுறவங்க பண்ற தப்புகள்

போன ஆடி மாசம் ஒரு நாள், காலைல ஏழு மணி கூட ஆகல, திருமங்கலத்துல இருந்து நம்ம ஜூனியர் தம்பி ஒருத்தன் போன் பண்றான். "அண்ணே, ஆராய்ச்சி பேப்பர் ஜர்னல்ல அக்செப்ட் ஆயிருச்சுண்ணே!" நல்ல விசயம்தான்னு வாழ்த்து சொல்லிட்டு, என்னைக்குடா அனுப்புனன்னு கேட்டேன். "நேத்து சாயங்காலம்ணே."

கெமிஸ்ட்ரி பேப்பர், பதினாலு பக்கம், அதுல ஸ்பெக்ட்ரமே எட்டு. அத ரெண்டு ரிவியூவர், அதாவது பேப்பர சரிபாக்குற அதே துறை ஆளுக, ராத்திரியோட ராத்திரியா உக்காந்து படிச்சு "எக்ஸலண்ட்"னு எழுதி அனுப்பிட்டாய்ங்களாம். பல்கலை நகர் பக்கம் தீசிஸ பைண்டிங் குடுத்தாலே ரெண்டு நாள் கழிச்சு வாங்கங்கிறாய்ங்க, இவிங்க ஒரே ராத்திரில உலகத்தரம்னு முடிவு பண்ணிட்டாய்ங்க. மெயிலுக்கு கீழ ஒரு வரி: மூணு நாளைக்குள்ள 6,500 ரூபா கட்டுனா இந்த மாச இஷ்யூலயே போட்டுருவோம்.

அவன திட்ட எனக்கு யோக்கியதை இல்ல, ஏன்னா நானும் அதே குழில விழுந்து எந்திரிச்சவன்தான். 2017ல 3,500 ரூபா, ஸ்டைபண்ட் வராத மாசம், அம்மாகிட்ட வாங்கி கட்டுனேன். தங்க கலர் சீல் வச்ச சர்டிபிகேட் வந்துச்சு, வீட்டுல ஃப்ரேம் போட்டு மாட்டுனோம். ரெண்டு வருசம் கழிச்சு ஒரு இன்டர்வியூல, பேனல்ல இருந்த ஒரு மேடம் அந்த ஜர்னல் பேர படிச்சுட்டு ஒண்ணுமே கேக்காம அடுத்த பக்கத்த திருப்புனாங்க பாருங்க, அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. இப்ப அந்த வெப்சைட்ட தொறந்தா ஆன்லைன் ரம்மி விளம்பரம் வருது, என் பேப்பர் எங்க போச்சுனு ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இப்படி ஒழுங்கா சரிபாக்காம காச வாங்கிட்டு பேப்பர் போடுற போலி ஜர்னல்ல மாட்டுறவங்க பண்ற தப்பு ஒண்ணே ஒண்ணுதான்னு எனக்கு தோணுது, மத்ததெல்லாம் அது போட்ட குட்டி. ஜர்னல பத்தி ஜர்னலோட வெப்சைட்லயே போய் விசாரிக்கிறது. நம்ம ஊர்ல பொண்ணு குடுக்குறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டு சோபால உக்காந்து காபிய குடிச்சுக்கிட்டு "பையன் எப்படிங்க"ன்னு அவங்க அம்மாகிட்டயா கேப்போம்? தெருமுக்கு டீக்கடை, பக்கத்து வீட்டு அக்கா, வேலை பாக்குற எடத்து வாட்ச்மேன், அங்கதான விசாரணையே நடக்கும். ஜர்னல்னு வரும்போது மட்டும் அவன் ஹோம்பேஜ்ல என்ன எழுதியிருக்கானோ அத அப்படியே நம்பி ஜிபே பண்ணிடுறோம்.

ஐஎஸ்எஸ்என் நம்பர் இருக்குல்லண்ணேன்னு கேப்பாய்ங்க. அது ஒவ்வொரு இதழுக்கும் குடுக்குற அடையாள நம்பர், வண்டி நம்பர் பிளேட் மாதிரிய்யா. டிஎன் 59னு போட்டிருந்தா மதுரை வடக்கு ஆர்டிஓல பதிஞ்ச வண்டின்னு தெரியும், ஓட்டுறவன் குடிச்சிருக்கானா இல்லையான்னு நம்பர் பிளேட்டா சொல்லும்? ஐஎஸ்எஸ்என் குடுக்குறவங்க தரத்த பாத்து குடுக்குறதே இல்ல, தொடர்ந்து வர்ற இதழா இருந்தா கெடைக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு பேப்பருக்கும் குடுக்குற டிஓஐ நம்பர் கதையும் அதேதான். அந்த நம்பர வச்சு பேப்பர கண்டுபிடிக்கலாம், பேப்பர் யோக்கியமான்னு கண்டுபிடிக்க முடியாது. இதுல சில பயலுக டிஓஐ மாதிரியே இருக்குற ஒரு நம்பர சும்மா அடிச்சு விட்டுருப்பாய்ங்க, அத எடுத்து டிஓஐ தேடுற சைட்ல போட்டா எங்கயுமே போகாது. ரெண்டு நிமிச வேலை, போட்டு பாருங்க.

அடுத்து இம்பாக்ட் ஃபாக்டர், ஒரு ஜர்னல்ல வந்த பேப்பர மத்தவங்க சராசரியா எத்தன தடவ மேற்கோள் காட்டுறாங்கங்கிற கணக்கு. ஒரிஜினல் இம்பாக்ட் ஃபாக்டர் குடுக்குறது கிளாரிவேட் கம்பெனி மட்டும்தான், வருசா வருசம் ஜூன் வாக்குல வரும். 2023ல இருந்து அவங்க புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு எண்தான் போடுறாங்க. அதனால ஒருத்தன் எங்க இந்த வருச இம்பாக்ட் ஃபாக்டர் 7.538ன்னு பேனர் போட்டு மினுக்குறான்னா, உடனே ஒரு சந்தேகம் வரணும். குளோபல், யுனிவர்சல், சயின்டிஃபிக்குன்னு முன்னாடி ஒரு பட்டத்த சேத்துக்கிட்டு இம்பாக்ட் ஃபாக்டர் விக்கிற கடைங்க தனியா இருக்கு, காசு குடுத்தா அவிங்களே நம்பர் போட்டு தருவாய்ங்க. திருடன்கிட்டயே கன்டக்ட் சர்டிபிகேட் வாங்குற கதைதான்.

ஹோம்பேஜ்ல வரிசையா லோகோ ஒட்டியிருப்பாய்ங்க, கூகுள் ஸ்காலர், ரிசர்ச்கேட், ஸ்கோபஸ், கோப் (ஆராய்ச்சி வெளியீட்டு நெறிமுறைக் குழு)னு. கூகுள் ஸ்காலர் ஒண்ணும் ஆள் பாத்து உள்ள விடுற எடம் இல்ல, அது தானா பொறுக்கிட்டு போற மெஷின். ஸ்கோபஸ் ஜர்னல தேர்ந்தெடுத்து சேக்குற பட்டியல், அந்த லோகோ இருந்தா மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா நம்ம ஆளுக பாதிப்பேர் ஏமாறுறது அங்கதான். ஸ்கோபஸோட சொந்த சைட்ல சோர்ஸஸ்னு ஒரு பக்கம் இருக்கு, காசு கட்டாமயே தேடலாம், பேர போடாதீங்க, ஐஎஸ்எஸ்என்ன போடுங்க. வந்துருச்சுன்னு அதோட விட்றாம எந்த வருசத்துல இருந்து எந்த வருசம் வரைக்கும் கவரேஜ்னு பாருங்க. 2016 டு 2021னு போட்டிருந்தா, ஒரு காலத்துல உள்ள இருந்தான், அப்புறம் போச்சுன்னு அர்த்தம். இன்னைக்கு போட்டா உங்க பேப்பர் அங்க ஏறாது, ஆனா அவன் லோகோவ மட்டும் எடுக்கவே மாட்டான்.

இதவிட மோசம் ஒண்ணு இருக்கு. மதுரை மல்லிக்கு 2013லயே புவிசார் குறியீடு குடுத்தாச்சு, இருந்தாலும் எங்கயோ பறிச்ச பூவ மதுரை மல்லி மதுரை மல்லின்னு கூவி விக்கிறது நின்னுச்சா என்ன? அதே மாதிரி நெஜமா இருக்குற ஒரு நல்ல ஜர்னலோட பேரு, ஐஎஸ்எஸ்என், அட்டைப்படம் எல்லாத்தையும் அப்படியே எடுத்து வேற ஒரு அட்ரஸ்ல வெப்சைட் போட்டுருவாய்ங்க, ஹைஜாக் பண்ண ஜர்னல்னு சொல்றாங்க. ஸ்கோபஸ்ல தேடுனா பேரு வரும், ஐஎஸ்எஸ்என்னும் சரியா இருக்கும், நம்மளும் திருப்தியா காச கட்டிடுவோம், காசு போறது வேற எவனுக்கோ. கண்டுபிடிக்க நான் பண்றது ஒரு வழிதான்: ஸ்கோபஸ்ல அந்த ஜர்னல்ல வந்த பழைய பேப்பர் ஒண்ணோட டிஓஐய எடுத்து க்ளிக் பண்ணுவேன், அது எந்த வெப்சைட்டுக்கு போகுதுன்னு பாப்பேன், நமக்கு மெயில் அனுப்புனவன் சைட்டும் அதுவும் ஒண்ணா இல்லன்னா பேசாம மூடிட்டு போயிருவேன். ரிட்ராக்‌ஷன் வாட்ச்னு வாபஸ் வாங்குன பேப்பர்கள கண்காணிக்கிற சைட்காரங்களும் 2022ல இருந்து இந்த மாதிரி ஜர்னலுக்கு ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க, அதையும் பாக்கலாம்.

எடிட்டோரியல் போர்டுல பெரிய பெரிய புரொபசர் பேரு இருக்குண்ணேன்னு நம்புறது இன்னொரு தப்பு. அந்த தம்பி காமிச்ச ஜர்னல்ல தமிழ்நாட்டு புரொபசர் ஒருத்தர் பேரு போட்டோவோட இருந்துச்சு. அவரோட காலேஜ் வெப்சைட்ல இருந்து மெயில் ஐடிய எடுத்து எழுதுனேன் (ஜர்னல் சைட்ல போட்டிருக்குற ஐடிக்கு எழுதிறாதீங்க, அது அவிங்களுக்கேதான் போகும்). மறுநாளே பதில் வந்துச்சு: "அப்படி ஒரு ஜர்னல் இருக்கறதே எனக்கு தெரியாதே தம்பி."

அப்படியே தெரிஞ்சு பேர குடுத்தாலும், அவிங்க யார வேணும்னாலும் சேப்பாய்ங்க. போலந்துல சில ஆராய்ச்சியாளர்கள் 2015ல இல்லாத ஒரு அம்மாவ உருவாக்குனாங்க. பேரு அன்னா ஓ. ஷூஸ்ட், அந்த ஓவையும் ஷூஸ்ட்டையும் சேத்து படிச்சா போலிஷ் பாஷைல ஏமாத்துக்காரர்னு அர்த்தம். ஒரு பேப்பர் எழுதல, எடிட்டிங் அனுபவமும் கெடையாது, எனக்கு எடிட்டர் வேலை குடுங்கன்னு 360 ஜர்னலுக்கு அப்ளிகேஷன் போட்டாங்க, 48 ஜர்னல் வேலை குடுத்துருச்சு. 2017ல நேச்சர்ல வெளிய வந்த சமாச்சாரம் இது. அதுல கவனிக்க வேண்டியது, இம்பாக்ட் ஃபாக்டர் இருக்குற ஜர்னல் எதுவும் அந்தம்மாவ சேக்கல, ஆனா டிஓஏஜேன்னு ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலுக்கு, அதாவது யாரு வேணும்னாலும் காசில்லாம படிக்கலாம்ங்கிற ஜர்னலுக்கு, இருக்குற லிஸ்ட்ல இருந்த 120ல 8 சேத்துருச்சு. இதுக்கு முன்னாடியே 2013ல சயின்ஸ் பத்திரிகைக்காக ஜான் பொஹானன்னு ஒருத்தர், புற்றுநோய்க்கு லைக்கன்ல (பாசியும் பூஞ்சையும் சேந்து வளர்றது) இருந்து மருந்துன்னு ஓட்டை ஓட்டையா ஒரு டுபாக்கூர் பேப்பர 304 ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலுக்கு அனுப்புனதுல 157 ஜர்னல் அக்செப்ட் பண்ணுச்சு, 98தான் வேணாம்னுச்சு. அதுக்கப்புறம்தான் 2014ல டிஓஏஜே தன் விதிகள இறுக்குனாங்க. எந்த லிஸ்ட்டும் சாமி இல்ல, அதுக்குத்தான் இதெல்லாம் சொல்றேன்.

லிஸ்ட்டுன்னதும் யுஜிசி, பல்கலைக்கழக மானியக் குழு, ஞாபகம் வருது. முதல்ல ஒரு அப்ரூவ்டு லிஸ்ட் வச்சிருந்தாங்க, 2018 மே மாசம் அதுல இருந்து 4,305 ஜர்னல ஒரே அடியா தூக்குனாங்க (என்னோடதும் அதுல போயிருக்கும்னு நெனைக்கிறேன், பாக்க மனசு வரல). அப்புறம் கேர்னு ஒரு புது ஜர்னல் லிஸ்ட் வந்துச்சு, அதையும் 2025 பிப்ரவரில நிறுத்திட்டு, இனிமே காலேஜ், யுனிவர்சிட்டியே பாத்துக்கங்கன்னு சில அளவுகோல மட்டும் குடுத்துட்டாங்க. ஆனா வாட்ஸ்அப்ல இன்னைக்கும் "யுஜிசி கேர் அப்ரூவ்டு, 100 சதவீதம் கேரண்டி"ன்னு ஃபார்வர்டு சுத்துது. இல்லாத லிஸ்ட்ல எப்படிய்யா இருக்க? அந்த ஒரு வரியே போதும் ஆள அடையாளம் காட்ட. ஜெஃப்ரி பீல் போட்ட கருப்புப் பட்டியலும் அப்படித்தான், இந்த மாதிரி ஜர்னலுக்கு பிரிடேட்டரி (வேட்டையாடுற)ங்கிற பேரையே 2010ல வச்ச அமெரிக்க லைப்ரரியன் அவரு, 2017 ஜனவரில பட்டியல எடுத்துட்டாரு. இன்னைக்கு புதுசா மொளைக்கிற கடை அதுல எப்படி இருக்கும், பீல் லிஸ்ட்ல இல்லண்ணே அப்ப நல்ல ஜர்னல்தானன்னு கேட்டா நான் என்னத்த சொல்ல.

இவ்வளவையும் கேட்டுட்டு சில பேரு அந்தப் பக்கமா போய் விழுவாங்க. காசு கேட்டாலே போலி, ஓப்பன் ஆக்சஸ்னாலே போலி, இந்தியால இருந்து வந்தா கண்டிப்பா போலின்னு. அது தப்பு. பிளாஸ்ங்கிற பதிப்பகம் போடுற மாதிரி நல்ல ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலும் பப்ளிகேஷன் ஃபீஸ் வாங்கும். ஃபீஸ் எவ்வளவுங்கிறத சப்மிட் பண்றதுக்கு முன்னாடியே வெளிப்படையா போட்டிருக்கா, இல்ல அக்செப்ட் ஆனதுக்கு அப்புறம் மூணு நாள் கெடு வச்சு சொல்றானாங்கிறதுதான் கேள்வி. காசே இல்லாம போடுறதுக்கும் வழி இருக்கு, பெங்களூரு இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ் நடத்துற ஜர்னல்கள் நம்ம ஊரு ஜர்னல்கள்தான, அங்க முயற்சி பண்ணலாம். லேட் ஆகும், ரிஜெக்டும் ஆகும்.

லேட் ஆகும்ங்கிறதுதான் பிரச்சினையே, நான் ஒத்துக்கிறேன். பிஎச்டி சப்மிட் பண்றதுக்கு பேப்பர் கட்டாயம் இல்லன்னு யுஜிசி 2022 ரெகுலேஷன்லயே எடுத்துட்டாங்க, ஆனா பல எடத்துல சொந்த ரூல்னு ஒண்ணு வச்சு கேக்கத்தான் செய்றாங்க, ப்ரமோஷனுக்கும் கேக்குறாங்க, கைடு "எங்கயாவது போட்டு சீக்கிரம் முடிப்பா"ங்கிறாரு. அந்த "எங்கயாவது"ல இருந்துதான் இந்த கடைங்களுக்கு வியாபாரமே. கான்ஃபரன்ஸ் வச்சு, ரெஜிஸ்ட்ரேஷனோட ஜர்னல் பப்ளிகேஷனும் சேத்து பேக்கேஜ்னு விக்கிறதும் இதுல சேத்திதான், சாம்பார் சாதத்தோட சர்டிபிகேட்.

மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்? தம்பிகிட்ட மொதல்ல கேட்டது, காப்பிரைட் ஃபார்ம்ல கையெழுத்து போட்டியா, காசு கட்டுனியா. ரெண்டும் இல்லன்னான், அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. ரெண்டுல ஒண்ணு பண்ணியிருந்தா பேப்பர ஏத்தி விட்டுருவாய்ங்க, ஏத்திட்டா அதே பேப்பர வேற நல்ல ஜர்னலுக்கு அனுப்ப முடியாது, டூப்ளிகேட்னு தள்ளிருவாங்க. வித்ட்ரா பண்றேன்னு தெளிவா ஒரு மெயில் எழுதச் சொன்னேன், கைடுக்கும் காப்பி போட்டு. பதில் வந்துச்சு, வித்ட்ரா பண்ண 100 டாலர் ஃபீஸாம். இந்த தந்திரமும் பழசுதான், ஹைதராபாத் ஒமிக்ஸ்ங்கிற ஜர்னல் கம்பெனி மேல அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் போட்ட கேஸ்ல இருந்த குற்றச்சாட்டுல, ரிவியூ நடக்கல, ஃபீஸ மறைச்சாங்க, கேக்காமயே ஆளுக பேர எடிட்டரா போட்டாங்கங்கிறதோட, பேப்பர திருப்பி எடுக்க விடலங்கிறதும் ஒண்ணு. 2019 மார்ச்ல 5 கோடி டாலருக்கு மேல கட்டச் சொல்லி தீர்ப்பு வந்துச்சு.

தம்பி 100 டாலர் கட்டல. ஒரு மாசம் மெயில்ல மெரட்டுனாய்ங்க, அப்புறம் அவிங்களே அடங்கிட்டாய்ங்க, பேப்பரும் ஏறல, நான் வாரா வாரம் போய் தேடிப் பாத்துட்டேன். அதே பேப்பர கொஞ்சம் சரி பண்ணி ஒழுங்கான ஜர்னல் ஒண்ணுக்கு அனுப்புனான். நாலாவது மாசம் மறுபடி காலங்காத்தால போன்.

"அண்ணே, ரெண்டாவது ரிவியூவர் மூணு பக்கத்துக்கு திட்டிருக்கான்ணே. என்எம்ஆர் ஸ்பெக்ட்ரத்துல ஒரு பீக்க தப்பா போட்டுட்டேனாம்ணே."

"போட்டியா?"

"ஆமாண்ணே. தப்புதான்."