ஒவ்வாமைத் தும்மலையும் மூக்கடைப்பையும் கட்டுப்படுத்தும் வழிகள்

ஒவ்வாமைக்கு மருந்து தேடும் முன், தொல்லை எப்போது, எங்கே கூடுகிறது என்பதைச் சில வாரங்கள் குறித்து வைக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் தும்மலும் கண் அரிப்பும் வந்து போனால் பெரும்பாலும் மகரந்தமே காரணம். ஆண்டு முழுவதும், அதிலும் காலையில் எழுந்ததும் மூக்கடைப்பும் அடுக்குத் தும்மலும் இருந்தால், படுக்கையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளையோ, ஈரச் சுவரின் பூஞ்சையையோ, கரப்பான் பூச்சியையோ, வளர்ப்பு விலங்குகளையோ சந்தேகிக்கலாம்.

மகரந்தக் காலத்தில் சன்னல்களை மூடி வைத்து, வெளியே சென்று திரும்பியதும் குளித்து உடை மாற்றுவது நல்லது. தூசி உண்ணிகளுக்கு அது போதாது. விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்து, அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பதே மேல்.

செட்டிரிசின், லோராட்டடின் போன்ற அலர்ஜி மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் விரைவில் தணிக்கும். மூக்கடைப்பை அவ்வளவாக நீக்குவதில்லை. அடைப்பே பெரும் தொல்லை என்றால், மருத்துவர் ஆலோசனையுடன் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயைப் பயன்படுத்துவதே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. இரண்டு நாளில் குணம் தெரியவில்லை என்று பலர் இதைக் கைவிட்டுவிடுகிறார்கள். முழுப் பயன் கிடைக்க இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், தவறாமல் தினமும் பயன்படுத்துவதும், பருவகால ஒவ்வாமை உள்ளவர்கள் பருவம் தொடங்கும் முன்பே ஆரம்பிப்பதும் அவசியம். தலையைச் சற்று முன்னால் குனிந்து, வலது துளைக்கு இடக் கையாலும் இடது துளைக்கு வலக் கையாலும், இரு துளைகளுக்கும் இடையிலுள்ள நடுத்தண்டில் படாமல் காதுப்பக்கமாகச் சாய்த்து அடித்து, மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நடுத்தண்டிலேயே தொடர்ந்து பட்டால் மூக்கில் இரத்தம் கசியும்.

ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்ற அடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகள் நொடியில் சுகம் தருவதால்தான் அவற்றிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அவையே அடைப்பை உண்டாக்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவோர், கொதிக்க வைத்து ஆற்றிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

மூச்சிரைப்போ நெஞ்சில் வீசிங் சத்தமோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைக் காண வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீங்காமல் இருக்கும் அடைப்பையும், இரத்தம் கலந்த சளியையும் ஒவ்வாமை என்று விட்டுவிடக் கூடாது. எதனால் ஒவ்வாமை என்றறியத் தோல் பரிசோதனை உண்டு; அலர்ஜி மாத்திரைகள் அதன் முடிவை மறைத்துவிடும் என்பதால், எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.