மின்சார ரயிலில் ஒரே பாட்டு

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் மனசு அலைபாய்ந்தால் கூட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஷஃபிளில் பாட்டு ஓடினால், ஒன்று முடியும் முன்பே மனசு அடுத்ததற்குத் தாவிவிடும். எனக்குக் கைகொடுத்தது, ஒரே பாட்டை ரிப்பீட்டில் போடுவது.

‘தாய் மூகாம்பிகை’ (1982) படத்தின் ‘ஜனனி ஜனனி’ அருமையான தேர்வு, கல்யாணி ராகம். முதல் முறை சொற்களை விட்டுவிட்டு சுருதியை மட்டும் பிடியுங்கள். அடுத்த முறை, பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்களும் வாங்குங்கள். பதற்றம் இறங்குவது இங்கேதான். சொற்கள் மூன்றாவது முறைக்கு.

வால்யூம் பாதிக்கு மேல் வேண்டாம். ரயில் இரைச்சலோடு போட்டி போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். இயர்போன் ஒரு காதில் போதும், கிண்டியில் ஏறும் பெரியவர் இடம் கேட்டால் காதில் விழ வேண்டுமே. குத்துப்பாட்டுக்கு இது சரிவராது, மூச்சு ஈடுகொடுக்காது.